கண்டெடுத்தவருக்கே சொந்தமா?

உணவங்காடி நிலையத்தில் மேசை பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். சிலர் குடையை வைப்பார்கள், சிலர் அலுவலக அடையாள அட்டையை வைப்பார்கள். ஒருமுறை ஒருவர் கைப்பேசியையே மேசைமேல் வைத்துவிட்டு மீன் சூப் வாங்க வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். “நம்ம ஊர்ல எதையும் யாரும் தொடமாட்டாங்க” என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால், உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன் சென்ற மாதம் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு, அதே தைரியத்தோடு சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலை பக்கம் பேருந்துக்காக நின்றிருந்தோம். நிறுத்தத்தில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பேருந்து வந்து கூட்டம் ஏறிய பிறகு, இருக்கைக்குக் கீழே ஜிப் வைத்த சிறிய துணிப்பை ஒன்று கிடந்ததை மகன்தான் பார்த்தான். திறந்தோம். ரப்பர் பேண்டு போட்ட பண நோட்டுகள். நான்காக மடித்த ஒரு தாள். அடையாள அட்டையோ வங்கி அட்டையோ இல்லை. தாளில் தமிழில் நான்கு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை: 400, 300, 280, 200. கீழே கோடு போட்டு 1,180 என்று கூட்டியிருந்தது.

“அப்பா, படம் எடுத்து ஃபேஸ்புக்ல போடலாமா?” என்றான். என் கையும் கைப்பேசிக்குத்தான் போனது. பிறகுதான் யோசித்தேன். அந்தத் தாளைப் படம் எடுத்துப் போட்டால், பார்க்கும் எல்லாருக்கும் நான்கு பெயரும் தொகையும் தெரிந்துவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் “அது என்னுடையது” என்று வரலாம். உரிமையாளர் தன்னை நிரூபிக்க வைத்திருக்கும் ஒரே ஆதாரத்தை நாமே ஊருக்குக் கொடுத்ததாகிவிடும்.

சிறிது நேரம் அங்கேயே காத்திருந்தோம். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போனோம். பணியில் இருந்த அதிகாரி எங்கள் கண்முன்னே பணத்தை எண்ணினார். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த நிலையில் கிடந்தது என்று கேட்டுப் பதிவு செய்தார். என் விவரங்களை எழுதிக்கொண்டு, ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டும் கொடுத்தார். எண்ணிய தொகை தாளில் இருந்த கூட்டலோடு ஒத்துப்போனதைப் பார்த்து மகனுக்கு ஒரே மகிழ்ச்சி.

திரும்பி வரும்போது பேருந்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. “யாருமே பார்க்கலயேப்பா. நாமளே வச்சிருந்தா என்ன ஆகும்?”

சட்டத்தைச் சொன்னேன். நம் தண்டனைச் சட்டம் 1871ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதன் 403ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கண்டெடுப்பவரைப் பற்றி அதில் தனி விளக்கமே உண்டு. உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தில் பொருளை எடுத்துப் பத்திரப்படுத்துவது குற்றமில்லை. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழியிருந்தும், நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல், நியாயமான காலம் காத்திருக்காமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். எது நியாயமான முயற்சி என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. யாருடையது என்றே தெரியாத ஒரு நாணயத்தைச் சாலையில் எடுப்பது வேறு. விலையுயர்ந்த மோதிரம் ஒன்றைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடாமல் உடனே விற்பது வேறு. இந்த இரண்டுமே அந்தச் சட்டம் தரும் உதாரணங்கள்தான். பணம் எடுக்கும் இயந்திரத்தில் யாரோ விட்டுச்சென்ற நோட்டுகளை எடுத்துக்கொண்டவர்கள்மீது வழக்கு வந்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். “நீங்க எப்பவாவது எடுத்திருக்கீங்களா?” என்று அவன் கேட்காமல் இருந்திருந்தால்.

எடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு 25 வயது. பணம் எடுக்கப் போனபோது இயந்திரத்தின் வாயில் ஒரு 50 வெள்ளி நோட்டு இருந்தது. எனக்கு முன்னால் எடுத்த மாது பத்தடி தூரத்தில் நடந்துபோய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நான் கூப்பிடவில்லை. அந்த வாரக் கடைசியில் அந்தப் பணத்தில் நண்பர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

“அப்ப நீங்க திருடனா?” என்றான். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “அன்னிக்கு நான் செஞ்சது தப்பு, சட்டப்படியும் தப்பு” என்றேன். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

நம் அக்கம்பக்கக் காவல் சாவடிகளுக்கு முன்மாதிரி ஜப்பானின் ‘கோபன்’ சாவடிகள். முதல் சாவடி 1983 ஜூனில் தோ பாயோவில் திறக்கப்பட்டது. ஜப்பானியப் பிள்ளைகள் கண்டெடுத்த நாணயத்தைக்கூடக் கோபனில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பின்னால் நல்லொழுக்கத்தோடு ஓர் ஏற்பாடும் இருக்கிறது. அங்கே இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. கண்டெடுத்தவர் ஒரு வாரத்துக்குள் ஒப்படைத்தால், உரியவரிடமிருந்து பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடுவரை வெகுமதி கேட்கலாம். மூன்று மாதத்தில் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவரே கேட்டுப் பெறலாம். கைப்பேசி, அட்டை போன்ற தனிப்பட்ட விவரம் உள்ளவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. 2019இல் தோக்கியோ காவல்துறையிடம் வந்து சேர்ந்த பொருள்கள் 40 லட்சத்துக்கும் மேல். அவற்றில் குடைகளே லட்சக்கணக்கில். நேர்மை எளிதாக இருக்கும்படி ஊர் வழி செய்து வைத்திருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து எனக்கு ஓர் அழைப்பு. உரியவர் கிடைத்துவிட்டார், நன்றி சொல்ல விரும்புகிறார், எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். அன்று இரவே அழைத்தார்.

“அண்ணே, நான் புதுக்கோட்டைப் பக்கம்ணே” என்று ஆரம்பித்தார். பணம் முழுக்க அவருடையது அல்ல. விடுதி அறையில் உடன் தங்கியிருக்கும் மூவரின் பணத்தையும் சேர்த்து ஊருக்கு அனுப்பத் தேக்கா வந்திருக்கிறார். தொலைந்துவிட்டது என்று போய்ச் சொன்னபோது ஒருவர் நம்பினார், இருவர் நம்பவில்லை. ஒரே அறையில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. போலிசுக்குப் போகவும் பயம். போனால் வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று தயங்கியிருக்கிறார். கடைசியில் மேற்பார்வையாளர் தைரியம் சொல்லி அனுப்பி வைத்தாராம். அங்கே போய் நான்கு பெயரையும் நான்கு தொகையையும் பார்க்காமல் ஒப்பித்திருக்கிறார்.

“காசு போனாக்கூட ரெண்டு மாசத்துல அடைச்சிருப்பேன்ணே. பேரு போயிருந்தா எப்படிண்ணே அடைக்கிறது?” என்றார்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். பொருள் தொலைந்தால் காவல்துறையின் இணையத்தளம் வழியாகவும் புகார் செய்யலாம். 999 அவசரத்துக்கு மட்டும். வங்கி அட்டையை உடனே முடக்குங்கள். அடையாள அட்டை தொலைந்தால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடமும், வேலை அனுமதி அட்டை தொலைந்தால் முதலாளி வழியாக மனிதவள அமைச்சிடமும் தெரிவிக்க வேண்டும். கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை இன்றே எழுதி வையுங்கள். நாளை அதுதான் உங்கள் ஆதாரம். கண்டெடுத்தவரானால், உள்ளே இருப்பதைப் படம் பிடித்துப் பரப்பாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர் யாராவது பொருளைத் தொலைத்துவிட்டுத் தயங்கி நின்றால், கூடவே காவல் நிலையம்வரை போய் வாருங்கள்.

அன்று நான் பேசிய அழைப்பை மகனும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தான். வைத்த பிறகு, “அந்த 50 வெள்ளி அந்த ஆன்ட்டியோடதுதானான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றான். தெரியும் என்றேன். “வேற யாரோடதாவது இருந்திருந்தா?” அவன் எனக்காக ஒரு வழி தேடுகிறான் என்று புரிந்தது. அவருடையதுதான் என்று மறுபடியும் சொன்னேன்.