புதுமை எழுத்தும் நமது பெயர்ப்பலகையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவில் மாத்தளையைக் கடந்ததும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் நம்மை வரவேற்கின்றன. கறுவாவும் மிளகும் சாதிக்காயும் பழைய சரக்குகள். ஆனால், பலகைக்கும் பொட்டலத்துக்கும் இன்றைய வணிகர் விரும்புவது புதிய எழுத்து: வட்டம், சதுரம், நேர்கோடு என அளவுகோல் பிடித்து வரைந்த, விண்கலத்தின் மேல் பொறித்தாற் போன்ற எழுத்து.

இதில் நமக்கு வெறுப்பில்லை. 1927இல் ஜெர்மனியின் பவுல் ரென்னர் இத்தகைய எழுத்தொன்றை ஆக்கி 'ஃபியூச்சரா' எனப் பெயர் சூட்டினார். 1969இல் அப்பல்லோ 11 சந்திரனில் விட்டுவந்த தகட்டில் உள்ள எழுத்தும் அதுவே. எழுதுங் கருவி மாறினால் எழுத்தின் வடிவும் மாறும். திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற அலுவிகாரை இம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஓலை கிழியாதிருக்கவே நம் நாட்டு எழுத்துகள் வளைந்தன என்பர். இன்று ஓலையுமில்லை, எழுத்தாணியுமில்லை.

ஆயினும் நாம் கேட்பது ஒன்றுண்டு. ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் எடுப்பான எழுத்தைத் தேடியெடுப்போர், தமிழுக்கு மட்டும் கணினியில் கைக்கு அகப்பட்ட மெலிந்த எழுத்தைப் பலகையின் அடியில் ஒட்டிவிடுவதேன்? 1956இல் சட்டத்தால் ஒதுக்கப்பட்டோம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்திற் கிடைத்த இடம் பலகையில் விரற்கடையளவாகச் சுருங்குவதை நாம் ஏற்கமாட்டோம். ஆளில்லை என்பதும் சாட்டன்று. கொழும்பின் மூனியாக் எழுத்துருக் கூடம் 'போஸ்ட் நோ பில்ஸ்' வரிசையில் யாழ்ப்பாணத்தின் பெயராலேயே தமிழெழுத்தொன்றை வெளியிட்டிருக்கிறதே!

நிற்க. வரைவோர் தமிழறிந்து வரைதல் வேண்டும். ட, ப, ம, ய ஆகியவை சதுரத்துக்குத் தாமே இசைந்து நிற்கும். இடர் தருவன சுழியுடைய எழுத்துகள். அழகுக்காக ஒரு சுழியை விழுங்கினால் 'ண' என்பது 'ன' ஆகிவிடும். மணம் விற்கும் கடை மனம் விற்கும் கடையாகும்! 'ர'வின் அடிக்கோட்டை நறுக்கினால் அது வெறுங் காலாகி, 'கரம்' என்பது 'காம்' என நிற்கும். உரோம எழுத்தின் துண்டுகளை வெட்டி ஒட்டித் தமிழென்று காட்டுவது கந்தலுக்குப் பட்டுக்கரை கட்டுவது போன்றது.

பயன்படும் இடத்தையும் அறிதல் வேண்டும். கடைப்பெயர், தேர்த்திருவிழாச் சுவரொட்டி, மிளகுப் பொட்டலம், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்லும் வெங்காயச் சாக்கின் முத்திரை ஆகியவற்றுக்கு இவ்வெழுத்து நன்று. நாலைந்து சொற்கள், பெரிய அளவு, தூரத்துப் பார்வை. அதற்கே அது பிறந்தது. பூச்சிமருந்துப் போத்தலின் அளவுக்குறிப்புக்கும் காணி உறுதிக்கும் இதனைக் கொண்டுவருதல் கேடு. அங்கே ஓர் எழுத்தை மாறிப் படித்தால் பயிர் கருகும், வழக்கு மூளும்.

பலகை எழுதக் கொடுக்கும் நம்மவரிடமே முதலில் கேட்கிறோம். பணம் கொடுக்குமுன் மாதிரியை வாங்குங்கள். மும்மொழியும் ஒரே பருமனில் உள்ளனவா என அளந்து பாருங்கள். பின்னர் அதனைத் தெருவின் மறுகரையில் நிறுத்தி, கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.