காக்கிநாடா டு புதுச்சேரி படகுப் பயணம்: பக்கிங்காம் கால்வாயில் இது நடக்குமா?

காக்கிநாடாவில் படகு ஏறினால், கடலைத் தொடாமலேயே விஜயவாடா, சென்னை, மரக்காணம் வழியாகப் புதுச்சேரியில் வந்து இறங்கலாம். 2008-ல் தேசிய நீர்வழி-4 அறிவிக்கப்பட்டதிலிருந்து அவ்வப்போது காதில் விழும் பேச்சு இது. சுற்றுலா வளரும், லாரிகள் குறையும், டீசல் மிச்சமாகும் என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தப் பாதையின் பெரும்பகுதியான பக்கிங்காம் கால்வாயில் இன்று ஒரு படகு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அப்போது எப்படிப் போனார்கள்?

1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தனியார் முயற்சியாகத் தொடங்கியது இந்தக் கால்வாய். முதலில் காக்ரேன் கால்வாய் என்றே அழைக்கப்பட்டது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் நீட்டியது. மொத்தம் சுமார் 420 கி.மீ. அதற்கு மேலே கொம்மமூர், ஏலூர், காக்கிநாடா கால்வாய்கள் கிருஷ்ணாவையும் கோதாவரியையும் இணைத்தன.

நெல், உப்பு, விறகு எல்லாம் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு மக்கள் படகில் போய் வந்தார்கள். பாரதிதாசன் அப்படிப் போன பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று கவிதையாகவே எழுதியிருக்கிறார்.

லாக் எதற்கு?

இது கடலோரக் கால்வாய். கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, பாலாறு என்று வழியில் ஆறுகள் குறுக்கிடும். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வடிந்துவிடும். வடிந்தால் படகு தரை தட்டும். ஆற்றில் வெள்ளம் வந்தாலோ, அது மண்ணோடு கால்வாய்க்குள் புகுந்துவிடும்.

இதற்காகத்தான் ஆறு குறுக்கிடும் இடங்களில் ‘லாக்’ கட்டினார்கள். ஒரு தொட்டி, அதன் இரு முனையிலும் கதவுகள், அவ்வளவுதான். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். தொட்டியின் நீர்மட்டத்தை அடுத்த பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு முன்கதவைத் திறப்பார்கள். கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும், மரமும் இரும்பும் உளுத்துப் போகாமல் பார்க்க வேண்டும், படிந்த மண்ணைத் தூர்வார வேண்டும். கால்வாய் உயிரோடு இருந்ததற்கு இந்த அன்றாட வேலையே காரணம்.

பிறகு ரயிலும் சாலையும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 66-ல் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகுகள் நின்றன. படகு நின்றதும் ஆழம் பார்க்கவும் கரை பார்க்கவும் யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. போக்குவரத்துப் பாதையாக இருந்தவரை அதில் குப்பை கொட்டினால் ‘ஏன்?’ என்று கேட்க ஒரு படகுக்காரராவது இருந்தார். அவரும் போன பிறகு, நகரம் அதைச் சாக்கடையாகவும் காலி மனையாகவும் பார்க்கத் தொடங்கிவிட்டது.

நடுவில் நிற்கும் தூண்கள்

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு, 1877–78-ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியில் வாடிய மக்கள் கூலிக்காகத் தோண்டிய வாய்க்கால் அது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது.

சுமார் 120 ஆண்டுகள் கழித்து, சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் நோக்கிப் பறக்கும் ரயிலைக் கொண்டுபோனபோது, அந்தத் துண்டிலேயே தூண்களும் நிலையங்களும் எழுந்தன. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம். ஆனால் அதற்கான விலையைக் கால்வாய் கொடுத்தது. பல இடங்களில் அகலம் சுருங்கியது, நீரோட்டம் தடைபட்டது.

எனவே சென்னையின் நடுவே படகு போகும் என்று சொல்வது மக்களை ஏமாற்றுவதாகவே இருக்கும். ரயிலை இனி அகற்ற முடியாது, அகற்றவும் கூடாது. தினமும் அதை நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படின்னா கால்வாயை விட்டுவிடலாமா?

கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுந்துதான் முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகிறது. கால்வாய் அடைத்தால் தென்சென்னையின் வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும். 2004 சுனாமியில் பல இடங்களில் கடல்நீரை உள்வாங்கி, அதன் வேகத்தைக் குறைத்ததும் இதே கால்வாய்தான். மறுபக்கம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கலந்த எண்ணெய் இதன் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய், மீனவர்களின் படகையும் வலையையும் பிழைப்பையும் கெடுத்தது. கால்வாயில் எது ஓடுகிறதோ அது கடைசியில் யாரோ ஒருவர் வாசலில் போய் நிற்கும்.

ஆகவே 420 கி.மீ. கனவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதே நேர்மை. பழவேற்காடு பக்கமும், முட்டுக்காட்டிலிருந்து மரக்காணம் வரையிலும் சிறு படகுப் போக்குவரத்தை முயன்று பார்க்கலாம். அங்கே மீன் பிடிப்பவர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் முதலில் கேட்க வேண்டும். நகருக்குள், படகை மறந்துவிட்டு வெள்ளம் போகும் வழியாக மட்டும் காப்பாற்றினாலே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘சீரமைப்பு’ என்ற சொல் வந்தாலே முதலில் அசைக்கப்படுவது கரையோரக் குடிசைகள்தான். நீர்நிலைக் கரைகளில் இருந்த குடும்பங்கள் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். கால்வாய்க்குள் நிற்கும் அரசுக் கட்டுமானத்துக்கு ஒரு நியாயம், கரையில் இருக்கும் குடிசைக்கு ஒரு நியாயம் என்றால் எப்படி?

அடுத்த முறை படகுப் போக்குவரத்து அறிவிப்பு வரும்போது, படகின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை லாக் பழுது பார்க்கப்படும், அதைத் திறந்து மூட யாருக்குச் சம்பளம், கழிவுநீர் எங்கே திருப்பப்படும் என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத திட்டத்தில் படகு மிதக்கப் போவதில்லை.