மார்ச் 1-க்குள் மீட்டர் கணக்கு

அரசாங்கப் படிவங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு ஊரின் நிலவரம் அதன் படிவங்களில் தெரிந்துவிடும். அண்மையில் ரசித்துப் படித்தது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத் தண்ணீர்க் கணக்குப் படிவம்.

அங்கே பாசனத்துக்கு நீர் உரிமை வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். போன ஆண்டு எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைத்தீர்கள், எத்தனை ஏக்கருக்குப் பாய்ச்சினீர்கள், என்ன வெள்ளாமை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வீட்டுக் கிணற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. விட்டுவிட்டால் அபராதம்.

கஷ்டமெல்லாம் மீட்டர் ரீடிங் எழுதும் கட்டத்தில்தான். கிணற்றிலிருந்து வெளியே வரும் குழாயின் மேல் மீட்டர் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு விசிறி தண்ணீரோடு சுழலும். ஒரு மீட்டர் காலனில் காட்டும், இன்னொன்று ஏக்கர்-அடியில், மற்றொன்று ஏக்கர்-அங்குலத்தில். கடைசியில் இருக்கும் சுழியம் சுழல்கிறதா, சும்மா அச்சடித்து வைத்ததா என்று பார்க்காமல் எழுதினால், இறைத்தது பத்து மடங்கு கூடும் அல்லது பத்தில் ஒன்றாகும். ஏக்கர்-அங்குலம் என்பது ஒரு ஏக்கர் முழுக்க ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். கிட்டத்தட்ட 1,03,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டரை நடை.

இந்தத் தண்ணீர் வருவது ஓகல்லாலா நிலத்தடி நீரகத்திலிருந்து. எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கிறது. மேற்குக் கான்சாஸில் மழை குறைவு. மேலிருந்து ஊறுவது சொற்பம், கீழிருந்து எடுப்பது ஏராளம். இத்தனைக்கும் கணக்கு எழுதாத ஊர் அல்ல அது. பல்லாண்டுகளாக மீட்டர் ஓடியது, படிவம் போனது. நீர்மட்டமும் இறங்கிக்கொண்டே இருந்தது.

எனக்குச் சுவாரஸ்யமான இடம் இதுதான். கான்சாஸின் 1945-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலில் உரிமை வாங்கியவருக்கே முதலிடம். கூடவே, தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இறைக்காமல் விட்டால் உரிமையே பறிபோகும் என்ற விதியும் இருந்தது. அந்த விதிக்கு முன்னால், மார்ச் மாதத்துக் கணக்கு ‘நான் இறைத்தேன்’ என்பதற்கான சாட்சி. மிச்சம் பிடித்தவனுக்குத்தான் பயம். 2012-இல்தான், புதிய உரிமை கொடுப்பதை நிறுத்திவிட்ட நிலத்தடி நீர்ப் பகுதிகளில் இந்த விதியைத் தளர்த்தினார்கள்.

அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. ஒரு வட்டாரத்து விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே வரம்பு வகுத்துக்கொள்ளலாம். மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் ஒப்புக்கொண்டால் அது சட்டமாகிவிடும். முதலில் துணிந்தவர்கள் வடமேற்கில் ஷெரிடன் கவுண்டியைச் சுற்றியுள்ளவர்கள். 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏக்கருக்கு 55 அங்குலம் என்று முடிவு செய்தார்கள். பழைய பயன்பாட்டில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைப்பு.

ஆண்டுக்கு 11 அங்குலம் என்று வைக்காததில்தான் விவசாயியின் மூளை தெரிகிறது. மழை பொய்த்த ஆண்டில் 15 பாய்ச்சலாம், பெய்த ஆண்டில் ஏழோடு நிறுத்தலாம். எது எப்படியென்று தீர்மானிக்க மீட்டரைப் பார்த்தாக வேண்டும். மார்ச்சில் யாருக்கோ எழுதி அனுப்பிய எண்ணை ஜூலை மாதத்தில் தனக்காகவே எட்டிப் பார்க்கிற நிலை வந்தது. போதாக்குறைக்கு, ஒப்படைத்த கணக்கெல்லாம் கான்சாஸ் புவியியல் ஆய்வகத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் எவ்வளவு எடுத்தார் என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதிகாரி வந்து பார்ப்பதைவிட இதற்குக் கூச்சம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

20 சதவீத இலக்கைத் தாண்டியே மிச்சமானது. மண்ணில் ஈரம் பார்க்கும் கருவி வைத்தார்கள். சிலர் மக்காச்சோளத்தைக் குறைத்து, தண்ணீர் குறைவாகக் கேட்கும் சோளத்துக்கு மாறினார்கள். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த தோட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. மக்காச்சோள விளைச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. செலவும் இறங்கியதால் கையில் நின்ற காசு குறையவில்லை.

அதே மீட்டர், அதே படிவம்தான். மீட்டர் மாட்டினாலே தண்ணீர் மிச்சமாகும் என்று பேசும் அதிகாரிகளிடம் நான் கேட்பதெல்லாம், அந்த எண்ணை எந்த விதியோடு சேர்த்துப் படிக்கப் போகிறீர்கள் என்பதுதான்.

எல்லாருக்கும் இது இனித்ததா என்றால் இல்லை. 2018-இல் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி வடமேற்குக் கான்சாஸின் பெரும்பகுதிக்கு விரித்தபோது, எங்கள் மூத்த உரிமை என்னாவது என்று சில நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் திட்டத்தின் பக்கமே நின்றது. ஷெரிடன்காரர்கள் 2018-இலும் 2023-இலும் தங்கள் வரம்பைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அங்கே நீர்மட்டம் இறங்கும் வேகம் நன்றாகக் குறைந்திருக்கிறது. இறங்குவது இன்னும் நிற்கவில்லை.