கொல்லையில் எரியும் குழாய்

நோயாளி வீடு திரும்பும்போது சிறுநீர்ப் பையும் உடன் செல்கிறது. அதை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். கழற்றிய பழைய பையை என்ன செய்வது என்று மருத்துவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அது கொல்லையில் சருகோடு சேர்ந்து எரிகிறது. இக்குறை எங்களுடையதே.

அப்பையும் அதன் குழாயும் பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனவை. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் குளோரினைப் பிரிப்பர். அது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் எத்திலீனுடன் சேர்ந்து வினைல் குளோரைடு வாயுவாகிறது. அவ்வாயுவின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் வெண்ணிறத் தூளாகும். நமக்குத் தெற்கே, கடலூர் சிப்காட்டில், செம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலை 2009 முதல் இத்தூளைத் தயாரிக்கிறது. வினைல் குளோரைடு வாயு கல்லீரலில் அரிய வகைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகர ஆலைத் தொழிலாளர்களிடம் வெளிப்பட்டது. பையைத் தொடுவோர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

இத்தூளால் செய்த பொருள் இயல்பில் விறைப்பானது. வளைந்து கொடுக்க டி.இ.எச்.பி. என்னும் எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கின்றனர். அது சிறிது சிறிதாகக் கசியும். பச்சிளம் ஆண் குழந்தைகள் குறித்து இதனால் கவலை உண்டு. ஆயினும் இரத்தப் பையில் கசியும் அதே பொருள் சிவப்பணுக்களின் சவ்வைச் சிதையாமல் காக்கிறது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளைக் கைவிடச் சொன்ன மருத்துவக் கழிவு விதிகள், 2018 திருத்தத்தில் இரத்தப் பைக்கு விலக்கு அளித்தன. அது சரியான முடிவென்றே கருதுகிறோம்.

எரிப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. கொல்லை நெருப்பில் பி.வி.சி.யின் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு புகையாகித் தொண்டையை அரிக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். டையாக்சின் என்னும் நஞ்சும் உருவாகும். மருத்துவக் கழிவுக்கான எரிஉலைகளே இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1050 டிகிரி வெப்பம் காக்க வேண்டும் என்பது விதி. அத்தகைய உலைக்கும் குழாய்களை நாங்கள் அனுப்புவதில்லை. சிவப்புப் பையில் சேர்த்து, நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்கு விடுகிறோம்.

வீட்டில் கழற்றியதும் அவ்வழியே போகலாமே. சிறுநீரைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, பையை உறையிட்டுக் கட்டி, அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள். ஊசி இருந்தால் துளைபடாத மூடியிட்ட டப்பாவில் தனியே வையுங்கள். அவற்றைப் பெற்றுக்கொள்வது மருத்துவமனைகளின் கடமை என்பதே எங்கள் கருத்து. எங்கேனும் வாங்க மறுத்தால், உங்கள் மருத்துவரிடமே கொடுங்கள்.