வட்டம் ஏன் கோணலாகிறது?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு, அதன் அருகே ஜூம் செய்து பாருங்கள். சில நேரம் அது வட்டமாக இருக்காது. எட்டுமுனை நட் போல மூலை மூலையாக நிற்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் பதறிப்போய் அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். தேவையே இல்லை. கோப்பில் இருப்பது மையமும் ஆரமும்தான். திரைக்கு மட்டும், வேகத்துக்காக, அதைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக நறுக்கிக் காட்டுகிறது மென்பொருள். ‘ரீஜென்’ என்று தட்டினால் இப்போதைய ஜூமுக்குத் தக்கபடி நறுக்கிக் கொள்ளும், கோணல் போய்விடும். எத்தனை துண்டு என்பதை ‘வியூரெஸ்’ என்ற கட்டளை தீர்மானிக்கிறது.

1982-ல் வந்த மென்பொருள் இது. டாஸ் காலத்தில் இந்தத் திரைத் தொல்லை இன்னும் அதிகம். எந்த டிஸ்பிளே, எந்த டிஜிட்டைசர், எந்த பிளாட்டர் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கார்டு மாறினால் டிரைவரும் மாறும். ஒற்றை மானிட்டர் என்றால் படம் தெரியும்போது எழுத்து தெரியாது. எஃப்1 தட்டித்தான் இரண்டுக்கும் இடையே போய்வர வேண்டும். விண்டோஸ் வந்து எஃப்1-ஐ ஹெல்ப்புக்கு எடுத்துக்கொண்டது. அந்த வேலை எஃப்2-க்குத் தள்ளப்பட்டது.

அதைவிடப் பெரிய அடி கன்ட்ரோல்-சி. டாஸில் அதுதான் கட்டளையை ரத்து செய்யும் விசை. விண்டோஸில் அது காப்பி. பழைய கைகள் எஸ்கேப்புக்குப் பழகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் கன்ட்ரோல்-சி செத்துவிடவில்லை. இன்றும் லைன் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் மேக்ரோவைத் திறந்து பாருங்கள்: தொப்பிக்குறி சி, மறுபடி தொப்பிக்குறி சி, அப்புறம்தான் ‘லைன்’. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை இரண்டு தடவை ரத்து செய்துவிட்டுத் தொடங்கு என்று அர்த்தம். ஒரு தடவை போதாதா? டைமென்ஷன் போல உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் கட்டளைகளிலிருந்து வெளியே வர அந்தக் காலத்தில் இரண்டு தேவைப்பட்டது.

2009 பதிப்பில் ரிப்பன் வந்தது. பார்க்க லட்சணம்தான். ஆனால் இடது கையால் கட்டளையின் எழுத்தைத் தட்டி, கட்டைவிரலால் ஸ்பேஸ்பாரை அழுத்தி (இங்கே ஸ்பேஸ்பாரும் என்டர்தான், டெக்ஸ்ட் எழுதும்போது தவிர), வலது கையை மவுஸிலேயே வைத்திருப்பவரின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது என்பது என் கட்சி.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று இயந்திரத்துக்கு இயந்திரம் திரை மாறியது; இன்று விசை மாறுகிறது. கட்டளைகளின் சுருக்கெழுத்துகள் எல்லாம் பிஜிபி என்ற கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ‘சி’ என்றால் வழக்கமாக சர்க்கிள். அதைக் காப்பிக்கு மாற்றி வைத்திருக்கும் ஆளின் இருக்கையில் போய் உட்கார்ந்து வட்டம் போட முயன்றால், எதைக் காப்பி செய்யட்டும் என்று அது கேட்கும். அதனால்தான் அனுபவசாலிகள் வேலை மாறும்போது தங்கள் பிஜிபி கோப்பையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.