மெதனோல்: மலிவு என்று மட்டும் பார்த்தால் போதுமா?

எரிபொருள் விலை மாறும்போதெல்லாம் பெற்றோலுக்கு மாற்று என்ன என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. எஹலியகொட போன்ற ஊர்களில் இது வயிற்றுப் பிரச்சினை. கொழும்பு - இரத்தினபுரி வீதியை விட்டு உள்ளே இறங்கினால் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் முச்சக்கர வண்டிதான் துணை. 2022இல் கியூஆர் முறை வந்தபோது அந்த வண்டிக்கு வாரத்துக்குக் கிடைத்தது 5 லீற்றர். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தியன் ஒயில் நிறுவனம் அசாமின் தின்சுகியாவில் 15 வீதம் மெதனோல் கலந்த பெற்றோலைப் பரீட்சார்த்தமாக விற்பனைக்கு விட்டது. நாமும் ஏன் செய்யக்கூடாது என்று சிலர் கேட்கிறார்கள்.

அசாமுக்கு அது பொருந்தும். அங்கே நாம்ரூப்பில் இயற்கை வாயுவிலிருந்து மெதனோல் எடுக்கும் ஆலை இருக்கிறது. சீனா நிலக்கரியிலிருந்து எடுக்கிறது. நம்மிடம் நிலக்கரி இல்லை. மன்னார் படுகையில் 2011இல் கண்டறியப்பட்ட வாயு இன்னும் கடலுக்கடியில்தான் கிடக்கிறது. ஆகவே மெதனோலையும் டொலர் கொடுத்தே வாங்க வேண்டும்.

நன்மை இல்லாமலில்லை. ஒக்டேன் அளவு 100ஐத் தாண்டும், புகைக்கரி குறைவு. ஆனால் ஒரு லீற்றரில் உள்ள சக்தி பெற்றோலில் பாதிதான். பெற்றோலில் 30 கிலோமீற்றர் ஓடும் வண்டி தனி மெதனோலில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர்தான் ஓடும். லீற்றர் விலை பாதி என்றாலும் சாரதிக்கு மிச்சம் ஒன்றுமில்லை. போதாததற்கு அது ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத வண்டியில் அலுமினியப் பாகங்களையும் இறப்பர் குழாய்களையும் அரிக்கும். மழை ஓயாத சப்ரகமுவவில் இது சின்ன விடயமல்ல.

'அல்கஹோல் ஆயிற்றே, ஹராம் இல்லையா?' என்றும் கேட்பார்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். மதுபானத்தில் இருப்பது எதனோல். மெதனோல் கொடிய நஞ்சு. உடலுக்குள் போனால் போமிக் அமிலமாக மாறும். இறப்பர் பாலை உறைய வைக்க நம் ஊரில் ஊற்றுகிறார்களே, அதே அமிலம். முதலில் பறிபோவது பார்வை, பிறகு உயிர். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள்.

கசிப்பு ஒழியாத தோட்டப்புறத்துக்கு மலிவான மெதனோல் பீப்பாய்கள் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? நாம் குடிப்பதில்லை என்று முஸ்லிம்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சாகப்போவது நம் கடைக்கு வரும் மனிதர், நம் அயலவர்.

கலந்தே தீர வேண்டுமென்றால் கொலன்னாவை களஞ்சியத்திலேயே குறைந்த வீதத்தில், சாயமும் கசப்பும் சேர்த்துக் கலக்கட்டும். தனி மெதனோல் வீதியோரப் போத்தல் வியாபாரத்துக்கு வரவே கூடாது. அதற்கான சட்டமும் கண்காணிப்பும் முதலில் வரட்டும், கலப்பது பற்றிப் பிறகு பேசலாம்.