ரேங்க் கார்டுல கைநாட்டு வாங்கிட்டா போதுமா? ஜவ்வாது மலை அம்மா கேட்ட கேள்வி



நான் இன்ஜினியரிங் படிச்சவன். கழகத்தின் தகவல் தொழில்நுட்ப அணியில் தன்னார்வலர். எதுக்கெடுத்தாலும் "ஒரு ஆப் போட்டா சரியாயிடும்"னு சொல்ற கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்த நினைப்பை ஜவ்வாது மலையில ஒரு அம்மா அரை நிமிஷத்துல உடைச்சிட்டாங்க.

வாக்காளர் பட்டியல் வேலைக்காக ஜமுனாமரத்தூர் பக்கம் போயிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கிட்டு இருந்தப்போ, அந்த அக்கா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்தாங்க. ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று, அதுக்கு நடுவுல பத்திரமா மகளோட ரேங்க் கார்டு. மூணாம் வகுப்பு.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லு. பாப்பா நல்லா படிக்குதா?"

வாங்கிப் பார்த்தேன். எல்லாப் பாடத்துக்கும் நேரா கிரேடு இருந்துச்சு. கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அவங்க கைநாட்டு. பாப்பா எப்படிப் படிக்குதுன்னு தெரிஞ்சுகிட்டேன் என்பதற்கு அடையாளமா வாங்க வேண்டிய கைநாட்டு அது. ஆனா அவங்களுக்கு அதை யாருமே படிச்சு சொல்லலை.

யார் மேலேயும் பழி போட இதை எழுதலை. அந்த ஆசிரியருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. "பாப்பா நல்லா படிக்குதா?" இதைத் தெரிஞ்சுக்க ஒரு தாய், வழியில வந்த கட்சிக்காரன்கிட்ட கேட்கணுமா?

*இது சலுகை இல்லை, சட்டம்*

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24-வது பிரிவில் ஆசிரியரின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது மட்டும் அல்ல. பெற்றோரோடு தவறாமல் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கு.

அதே சட்டத்தின் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், சரிபாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் நம் அரசு இந்தக் குழுக்களை மாற்றியமைத்தபோது, தலைவர் பொறுப்பை அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்க்குக் கொடுத்தது.

ஆக, அந்த அக்கா கேட்டது யாரோ மனசு வைத்துச் செய்யும் உதவி இல்லை. சட்டம் அவங்களுக்குக் கொடுத்த உரிமை.

*நாம செஞ்சது என்ன?*

மார்தட்டிச் சொல்லலாம். 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. எட்டு வயசுக்குள்ள பிள்ளை பொருள் புரிந்து வாசிக்கணும், அடிப்படைக் கணக்கு போடணும் என்பதுதான் இலக்கு. கொரோனா காலத்துல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்கு, 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் தெருவிலேயே வகுப்பு எடுத்தார்கள்.

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மதுரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்கள் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அதில் 237 மலைப்பகுதிப் பள்ளிகள். மலை இந்த அரசுக்குக் கடைசி வரிசை இல்லை, முதல் கட்டத்திலேயே வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் கலைஞர் பிறந்த திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்ததும், சுமார் 20 லட்சம் பிள்ளைகள் காலையில் பள்ளியில் சாப்பிடுகிறார்கள்.

1920-ல் நீதிக்கட்சி ஆட்சி செய்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

இவ்வளவும் செஞ்ச நாமதான் அடுத்த கேள்வியையும் கேட்கணும். சோறு பிள்ளை வயித்துக்குப் போயிடுச்சு. செய்தி தாயோட காதுக்குப் போச்சா?

*சிக்னல் இல்லாத ஊருக்கு மெசேஜ்*

பள்ளிக் கல்வித் துறையிடம் எமிஸ் தளம் இருக்கு. ஆசிரியர் செல்போனிலேயே வருகைப் பதிவு செய்கிறார். பெற்றோர் எண்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கும் வேலையும் நடந்தது. தொழில்நுட்பம் படிச்சவனா சொல்றேன், இதெல்லாம் நல்ல வேலை. சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து பார்த்தா எல்லாம் பச்சை விளக்கு.

மலையில என்ன நிலைமை? ஒரு வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பாவோட போன். அவர் வேலைக்கு வெளியூர் போனா போனும் கூடவே போயிடும். ஊருக்குள்ள சிக்னல் இருக்காது, மேட்டுக்கு ஏறினா ரெண்டு கோடு வரும். வந்த மெசேஜைப் படிக்க வீட்டுல படிச்ச ஒரே ஆள் யாரு? அந்த மூணாம் வகுப்புப் பாப்பாதான்! "நீ மூணு நாளா ஸ்கூலுக்கு வரலைன்னு மெசேஜ் வந்திருக்கு"ன்னு பாப்பாவே அம்மாகிட்ட படிச்சுக் காட்டுமா?

செய்தி அனுப்புவது வேறு, செய்தி போய்ச் சேருவது வேறு. கணினியில 'டெலிவர்டு'ன்னு காட்டுறது தாயோட மனசுல பதிஞ்சதுக்குச் சாட்சி ஆகாது.

வெளியே இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டு கேரளம்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுறது தமிழ். சாமை, புளி, தேன், பலா என்று மலை தருவதை வைத்துப் பிழைப்பவர்கள். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூணு மாவட்டத்துக்குப் பரந்த மலை இது. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும். பல பிள்ளைகள் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்கும் தூரம் இன்னும் அதிகம்.

*ஏன் இது உயிர்ப் பிரச்சினை?*

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, டீச்சர் பார்த்துக்குவாங்க"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுறேன்.

2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள் என்று சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது அந்த மாநிலக் காவல்துறை. அதில் ஜவ்வாது மலை மக்களும் இருந்தார்கள். கூலிக்குப் போனவன் பிணமாத் திரும்பி வந்தான். கூட்டிப் போன தரகனும், கட்டையை வித்துக் கோடி பார்த்தவனும் அந்தக் காட்டுல சாகலை.

படிப்பு பாதியில் நின்னவனைத்தான் தரகன் தேடி வருவான். படிப்பு ஒரே நாளில் நிற்காது. ஒண்ணாம் வகுப்புல எழுத்து கூட்ட வராது. மூணாம் வகுப்புல வாசிக்க வெட்கமா இருக்கும். அஞ்சாம் வகுப்புல கடைசி பெஞ்சு. அதுக்கு மேல சாமை அறுப்புக்குன்னு நின்னவன், புளி உலுக்கப் போனவன், அப்படியே வராமப் போயிடுவான். ஒண்ணாம் வகுப்பிலேயே "உங்க பையனுக்கு வாசிக்கத் தடுமாறுது, கொஞ்சம் கவனிப்போம்"னு தாய்க்குத் தெரிஞ்சிருந்தா, அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

தெரிஞ்சா என்ன நடக்கும் என்பதற்கும் இதே மலையில் சாட்சி இருக்கு. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி. 23 வயசுல உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்ற மலையாளி பழங்குடிப் பெண். குழந்தை பிறந்த சில நாளில் சென்னைக்குப் பயணம் பண்ணித் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் முதலமைச்சரே பாராட்டினார். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை அவருக்குக் கைகொடுத்தது. கூடவே, தாயும் கணவரும் துணை நின்றார்கள். அரசு கதவைத் திறந்தா மட்டும் போதாது, வீடும் சேர்ந்து பிள்ளையை உள்ளே அனுப்பணும். பிள்ளை எங்கே நிற்குதுன்னு வீட்டுக்குத் தெரியணும்.

*என்ன செய்யலாம்? காசு செலவில்லாத அஞ்சு யோசனை*

ஒண்ணு. காதால கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் காது இருக்கு. மாசத்துக்கு ஒரு நாள் தாய் முன்னாடி பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க. தடுமாறுதா, சரளமா போகுதான்னு அவங்களே தெரிஞ்சுக்குவாங்க. எந்த கிரேடும் வேண்டாம்.

ரெண்டு. அவங்க மொழியில சொல்லுவோம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். எவ்வளவு அழகான பெயர்! புளியமரம் பூக்குறதை வருஷா வருஷம் பார்க்கிற தாய்க்கு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது? "பாப்பா இன்னும் அரும்பாத்தான் இருக்கு, எழுத்து கூட்டத் தொடங்கியிருக்கு, பொங்கலுக்குள்ள மொட்டாக்கிடுவோம்" என்று ஒரு வரி போதும். ஒரு அரசாணையை விட அது தெளிவாப் போய்ச் சேரும்.

மூணு. காலை உணவு சமைக்கிற அம்மாக்களைப் பயன்படுத்துவோம். கிராமப் பள்ளிகளில் காலை உணவு சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாயாக இருக்கணும் என்பது விதி. அதாவது, தினமும் விடியற்காலையில் பள்ளிக்குள் வரும் ஒரு தாய் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்காங்க! யார் ரெண்டு நாளா வரலை, யார் சரியாச் சாப்பிடலை என்று அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். உப்புமா கிண்டுற அந்தக் கையே ஊருக்கும் பள்ளிக்கும் பாலம் ஆகட்டும். அதுக்கு உரிய மரியாதையும் ஊக்கத்தொகையும் கொடுப்போம்.

நாலு. கிராம சபையில் பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்குது. ஒவ்வொரு கூட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரான தாய் எழுந்து, எத்தனை பிள்ளை படிக்குது, எத்தனை பிள்ளை நின்னுடுச்சு, கழிப்பறையில தண்ணி வருதா என்று ஊர் முன்னாடி சொல்லட்டும். தீர்மானப் புத்தகத்துல ஏறட்டும்.

அஞ்சு. மெசேஜை எழுத்தா அனுப்பாம குரலா அனுப்புவோம். அதுவும் டீச்சரோட குரலில். மேட்டுக்குப் போறப்போ போன்ல இறங்கிக்கும், வீட்டுக்கு வந்து கேட்டுக்கலாம். ரேஷன் கடையிலும் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கிற இடத்திலும் பள்ளிச் செய்தி வாயால போகட்டும். மலையில மக்கள் கூடுற இடம் அதுதான்.

இதில் எதுக்குமே ஆசிரியர் மேல புதுசா ஒரு ஆப்பை ஏத்த வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற பதிவு வேலையைக் குறைத்தால், பிள்ளை வீட்டுத் திண்ணையில பத்து நிமிஷம் உட்கார அவருக்கு நேரம் கிடைக்கும்.

*டெல்லிக்கும் ஒரு வார்த்தை*

பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலை என்பதற்காக 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். மேடையில் இது கொள்கைச் சண்டை. மலையில் இது அந்த மூணாம் வகுப்புப் பாப்பாவோட பணம். கைநாட்டு வைக்கிற தாயின் மகள் நாளைக்குக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு நாம என்ன பேர் வைக்கிறது?

*உடன்பிறப்பே, உனக்கு ஒரு வேலை*

நம்ம பக்கத்துல போஸ்டர் போடுறோம், ட்ரெண்ட் பண்றோம். எல்லாம் சரி. இந்த மாசம் ஒண்ணே ஒண்ணு கூடுதலா செய்யுங்க. உங்க ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளையோட வீடு ஒண்ணுக்குப் போங்க. ரேங்க் கார்டை வாங்கி அந்தத் தாய்க்குப் படிச்சுக் காட்டுங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போன்னு கேட்டுச் சொல்லி, அவங்களைக் கையோட கூட்டிட்டுப் போங்க. கட்சிக் கொடி வேண்டாம், போட்டோ வேண்டாம்.

அன்னைக்கு ஜவ்வாது மலையில அந்தக் கார்டை முழுசாப் படிச்சுக் காட்டினேன். "தமிழ் நல்லா வருது அக்கா. கணக்குல கழித்தல் கொஞ்சம் தடுமாறுது." அவங்க சிரிச்சாங்க. "கழித்தலா? சந்தையில மீதிச் சில்லறை வாங்க அவளைத்தான் இனிமே அனுப்பணும்."

பாடத்திட்டம் எழுதுற வல்லுநருக்கே தோணாத யோசனை அது. ஒரு நிமிஷம் விஷயத்தைச் சொன்னதுக்கே அந்தத் தாய் ஆசிரியர் ஆயிட்டாங்க. மலை முழுக்க இப்படி எத்தனை தாய்மார் சொல்ல ஆள் இல்லாமக் காத்துக்கிட்டு இருக்காங்க?

படித்துவிட்டுப் பகிருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பெற்றோருக்கு எப்படிச் செய்தி போகுதுன்னு கீழே எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், குறையையும் எழுதுங்கள். குறையை எதிர்க்கட்சி சொல்றதுக்கு முன்னாடி நாமே சொல்லி, நாமே சரி பண்ணுவோம்.

#எண்ணும்எழுத்தும் #காலைஉணவுத்திட்டம் #ஜவ்வாதுமலை #பள்ளிமேலாண்மைக்குழு